ஒளியிழைக் கேபிள் தொழிலும் நிபுணர் ஆலோசனையும்

புதிய தொழில் ஒன்றைத் தொடங்குவோர் முதற்கண் தேடுவன பணமும் இடமும் ஆகும். அவற்றை அடுத்து அவர்கள் தேடுவது, அத்தொழிலை முன்பே செய்து பழகிய ஒருவரின் அறிவுரை. நெசவுக்கும் நெல் அரைவைக்கும் இவ்வறிவுரை ஊரிலேயே கிடைத்துவிடும். ஒளியைச் செய்தியாகச் சுமந்து செல்லும் கண்ணாடி இழையைக் கேபிளாக்கும் தொழிலுக்கோ அது பெரும்பாலும் விலை கொடுத்தே பெறப்படுகிறது. அவ்வாறு பெறும்போது நாம் எதை வாங்குகிறோம், எதை வாங்க மறந்துவிடுகிறோம் என்பதை ஆராய்வதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில் பொருளைச் சிறிது அறிந்துகொள்வோம். ஒளியிழை என்பது தலைமயிரைப் போன்ற மெல்லிய கண்ணாடி நூல். அதன் குறுக்களவு 125 மைக்ரான். அதாவது, ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. தொலைதூரச் செய்திக்குப் பயன்படும் இழையில், அதன் நடுவே ஏறத்தாழ ஒன்பது மைக்ரான் அளவேயுள்ள உட்பகுதி வழியாகத்தான் ஒளி ஓடுகிறது. இவ்விழை மேற்பூச்சுப் பெற்று, நிறம் பெற்று, பிளாஸ்டிக் குழலுள் அமர்ந்து, பல குழல்கள் ஒரு நடுக்கோலைச் சுற்றி முறுக்கப்பட்டு, மேலே கெட்டியான உறை போர்த்தப்பட்ட பின்னரே கேபிள் என்ற பெயரைப் பெறுகிறது.

இத்தொழிலின் வரலாறே ஒரு நல்ல ஆலோசனையில் தொடங்கியது எனலாம். 1966-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஹார்லோ என்னுமிடத்து ஆராய்ச்சிச் சாலையில் பணியாற்றிய சார்லஸ் காவோ, ஜார்ஜ் ஹாக்கம் என்னும் இருவர் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அக்காலத்துக் கண்ணாடி இழையில் ஒளி சில மீட்டர் தூரத்திலேயே பெரும்பகுதி மங்கிவிடும். இது கண்ணாடியின் இயல்பு, இதற்கு மாற்றில்லை என்று பலரும் கைவிட்டிருந்தனர். குற்றம் கண்ணாடியின் இயல்பில் இல்லை, அதில் கலந்துள்ள மாசில்தான் இருக்கிறது என்று காவோ எடுத்துக் காட்டினார். ஒரு கிலோமீட்டர் கடந்த பின் நூற்றில் ஒரு பங்கு ஒளி எஞ்சினாலும் அவ்விழை தொலைபேசிக்குப் பயன்படும் என்றும் அவர்கள் கணக்கிட்டுக் கூறினர். அமெரிக்காவில் கார்னிங் நிறுவனத்தைச் சேர்ந்த மௌரர், கெக், ஷுல்ட்ஸ் ஆகிய மூவரும் 1970-இல் அந்த எல்லையைத் தாண்டிய இழையைச் செய்துவிட்டனர். இன்றைய நல்ல இழையில் நூறு கிலோமீட்டர் சென்ற பிறகே ஒளி நூற்றில் ஒரு பங்காகக் குறைகிறது. காவோவுக்கு 2009-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. காவோ உற்பத்தியாளர்களுக்கு எந்தச் செய்முறையையும் எழுதிக் கொடுக்கவில்லை. எவ்வளவு வெப்பம், எவ்வளவு வேகம் என்று அவர் சொல்லவில்லை. குறை எங்கே இருக்கிறது, அஃது ஏன் உண்டாகிறது, எந்த அளவுக்குக் குறைத்தால் போதும் என்று மட்டுமே சொன்னார். காரணம் விளங்கியவுடன் வழியைப் பிறர் கண்டுபிடித்தனர். ஆலோசனையில் உயர்ந்தது காரணம் கூறும் ஆலோசனையே என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இனித் தொழிற்சாலைக்குள் நுழைவோம். ஒளியிழைத் தொழிலில் மூன்று படிகள் உண்டு. முதற்படி, பிரிஃபார்ம் எனப்படும் தூய கண்ணாடிக் கோலைச் செய்வது. சிலிக்கன் டெட்ராகுளோரைடு முதலிய ஆவிகளிலிருந்து கண்ணாடியைப் படலம் படலமாகப் படியவைத்து இதைச் செய்கின்றனர். இரண்டாம் படி, அக்கோலை உயர்ந்த கோபுரம் ஒன்றின் உச்சியில், 2000 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் உருக்கி, மெல்லிய இழையாக இழுப்பது. மூன்றாம் படி, இழையைக் கேபிளாக்குவது. முதலிரு படிகளுக்கும் பெருமுதலும் நெடுநாள் ஆராய்ச்சியும் வேண்டும். மூன்றாம் படியோ ஒப்புநோக்க எளியது. இழையை வெளியே வாங்கிக் கேபிள் மட்டும் செய்யும் ஆலைகள் நம் நாட்டிலும் பல உள.

ஆகவே, நேர்மையான நிபுணர் ஒருவர் முதலில் தரவேண்டிய அறிவுரை, எதைச் செய்யலாம் என்பதைக் காட்டிலும், எதைச் செய்யத் தொடங்கக் கூடாது என்பதே. சிறுமுதல் உடையவரிடம், "உமக்குக் கோபுரம் வேண்டாம், கேபிளோடு நில்லும்" என்று சொல்லும் துணிவு அவருக்கு இருத்தல் வேண்டும். இயந்திரம் விற்பவரே ஆலோசகராகவும் வந்தால் இத்துணிவை எதிர்பார்க்க முடியாது. அறிவுரைக்கான கட்டணத்தை நாம் கொடுக்கிறோமா, இயந்திர விலையில் தரகாக அது வேறிடத்திலிருந்து அவருக்குச் செல்கிறதா என்று முதலிலேயே கேட்டுத் தெளிந்துகொள்வது தவறாகாது. கட்டணமின்றிக் கிடைக்கும் அறிவுரை பலவேளைகளில் மிக விலையுயர்ந்ததாக முடிகிறது.

முதலிரு படிகளிலும் இறங்க விரும்புவோர் இன்னொன்றையும் கேட்டறிய வேண்டும். ஜப்பானியரின் பெரிய நிறுவனமாகிய சுமிட்டோமோ எலெக்ட்ரிக், அமெரிக்காவில் தொழிற்சாலை நிறுவி ஒளியிழை செய்தது. தன் காப்புரிமை மீறப்பட்டதெனக் கார்னிங் நிறுவனம் வழக்குத் தொடர்ந்தது. 1987-இல் அமெரிக்க நீதிமன்றம் கார்னிங்கின் பக்கமே தீர்ப்பளித்தது. 1989-இல் மேல்முறையீட்டிலும் அத்தீர்ப்பு நிலைத்தது. அறிவிலும் முதலிலும் குறைவில்லாத ஒரு நிறுவனத்துக்கே இந்நிலை வந்ததாயின், புதிதாகத் தொடங்குவோர் காப்புரிமை பற்றிய அறிவுரையைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவைத்தல் ஆகாது.

கேபிள் செய்யும் படி எளியது என்றோம். எளிது என்பதற்கு எச்சரிக்கையற்றது என்று பொருளில்லை. கேபிள் ஆலையில் எழும் தொல்லைகளுள் பெரும்பகுதி ஒரே இடத்தில் பிறக்கிறது. அஃது இழையைக் குழலுக்குள் அமர்த்தும் இடம்.

பி.பி.டி. என்னும் பிளாஸ்டிக்கை எக்ஸ்ட்ரூடர் இயந்திரத்தில் உருக்கி, இழைகளைச் சூழ்ந்து குழலாக வார்க்கிறார்கள். இழைகளுக்கும் குழற்சுவருக்கும் இடையே நீர் புகாதிருக்க ஜெல்லி நிரப்பப்படுகிறது. குழல் உடனே நீர்த்தொட்டிகளின் வழியே சென்று குளிர்ந்து உருளையில் சுற்றப்படுகிறது. இங்கே இரண்டு பொருள்களின் இயல்பு முரண்படுகிறது. கண்ணாடி வெப்பத்தில் மிக மிகச் சிறிதே நீளும். பிளாஸ்டிக்கோ அதைக் காட்டிலும் நூறு மடங்குக்கு மேல் நீளும், சுருங்கும். ஆகவே இழை குழலின் நீளத்துக்குச் சரிசமமாக இருத்தல் கூடாது. ஆயிரம் மீட்டர் குழலில் ஓரிரு மீட்டர் மிகையாக இருக்கும்படி அமைக்கிறார்கள். மிகை குறைந்தால், கேபிளை இழுத்துப் பதிக்கும்போது இழுவிசை கண்ணாடியின் மேலேயே விழும். மிகை கூடினால், குளிர்காலத்தில் குழல் சுருங்க, இழை உள்ளே நெளிந்து வளைந்து, ஒளி வளைவுகளில் வெளியே கசியும். ஓரிரு மீட்டர் என்னும் இந்த வேறுபாட்டில்தான் ஒரு கேபிளின் ஆயுள் அடங்கியிருக்கிறது.

இந்த மிகையை ஆளுகின்றவை எவை? இழை அவிழும் இழுவிசை, நீர்த்தொட்டியின் வெப்பம், ஓட்டத்தின் வேகம் ஆகியவை. முதல் தொட்டியில் நீர் வெதுவெதுப்பாகவும் அடுத்ததில் குளிர்ந்தும் இருத்தல் வழக்கம். வெதுவெதுப்பில் பிளாஸ்டிக் தன் சுருக்கத்தின் பெரும்பகுதியை அங்கேயே முடித்துக்கொள்கிறது. அங்கே முடியாத சுருக்கம் பின்னர் உருளையில் நிகழும்.

நிபுணர் வந்து இவற்றையெல்லாம் அளந்து, ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுச் செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதம் ஆலை ஒழுங்காக ஓடுகிறது. பின்னர்ப் பெரிய கொள்முதல் ஆணை ஒன்று வருகிறது. உற்பத்தியைக் கூட்ட வேண்டி மேலாளர் ஓட்டத்தின் வேகத்தை உயர்த்துகிறார். குழல் தொட்டியில் தங்கும் நேரம் குறைகிறது. சுருக்கம் பாதியில் நிற்கிறது. மீதிச் சுருக்கம் உருளையில் நிகழ, இழையின் மிகை கூடிவிடுகிறது. அன்று எடுத்த சோதனையில் கேபிள் நன்றாகவே தோன்றும். குளிரூட்டிச் சோதிக்கும்போது, அல்லது மலைநாட்டில் பதித்து முதற்குளிர்காலம் வரும்போது, குறை வெளிப்படும். தாளில் இருந்த எண்கள் யாவும் சரியே. ஓர் எண் மாறினால் வேறெந்த எண்களை மாற்ற வேண்டும் என்பது மட்டும் அத்தாளில் இல்லை. ஏனெனில், வாங்கப்பட்டது எண், காரணம் வாங்கப்படவில்லை.

இன்னொரு சான்று. பி.பி.டி. மணிகள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையவை. அவற்றைச் சூடான காற்றில் சில மணி நேரம் உலர்த்திய பின்பே உருக்க வேண்டும். உலர்த்தாமல் உருக்கினால், உருகும் வெப்பத்தில் அந்த ஈரம் பிளாஸ்டிக்கின் மூலக்கூற்றுச் சங்கிலிகளை அறுத்துவிடும். குழல் அன்று அழகாகவே இருக்கும். பின்னாளில் எளிதில் நொறுங்கும். குளிர்ந்து வறண்ட நாட்டிலிருந்து வரும் நிபுணர், தம் ஊரில் போதுமான உலர்த்தும் நேரத்தை எழுதிக் கொடுக்கக்கூடும். நம் கடற்கரை ஊர்களின் மழைக்காலத்தில் அந்நேரம் போதாமற்போகலாம். ஈரம் எவ்வளவு எஞ்சலாம், அதை எவ்வாறு அளப்பது என்று தெரிந்த தொழிலாளி தம் ஊருக்கேற்ப நேரத்தைத் திருத்திக்கொள்வார். நேரத்தை மட்டும் அறிந்தவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நாட்டின் இயல்பு கேபிளின் மேலுறை வரை வந்து நிற்கிறது. லடாக்கின் குளிர் உறைநிலைக்கு 20 டிகிரிக்கும் கீழே செல்லும். 2016-ஆம் ஆண்டு மே மாதத்தில் ராஜஸ்தானத்தின் பலோடியில் வெப்பம் 51 டிகிரியைத் தொட்டது. ஒரே நாட்டுக்குள் இவ்வளவு வேறுபாடு. மண்ணுக்குள்ளோ எலியும் கறையானும் காத்திருக்கின்றன. எலிக்குக் காப்பாக நெளிவிட்ட எஃகுத் தகடோ கண்ணாடி நூற்சுற்றோ இடுகிறார்கள். கறையானுக்குக் காப்பாகப் பாலிதீன் உறையின் மேல் வழுவழுப்பும் கடினமும் உடைய நைலான் உறை போர்த்தும் வழக்கம் நம் நாட்டில் உண்டு. கறையானையே காணாத குளிர்நாட்டு நிபுணரிடம் இதைக் கேட்டால் அவர் வியப்படையக்கூடும். அவரிடம் கற்க வேண்டியது நமக்கு இருப்பது போலவே, அவருக்குச் சொல்ல வேண்டியதும் நம்மிடம் இருக்கிறது. ஆலோசனை என்பது ஒருவழிப்பாதை அன்று.

குறை நேர்ந்த பின் நோயறியும் கலையையும் நிபுணரிடம் கேட்டுக் கற்க வேண்டும். மருத்துவர் நாடி பார்ப்பது போல, ஓ.டி.டி.ஆர். என்னும் கருவி இழைக்குள் ஒளித்துடிப்பை அனுப்பி, திரும்பி வரும் மங்கிய ஒளியைக் கொண்டு எவ்விடத்தில் எவ்வளவு இழப்பு என்று காட்டுகிறது. 1310, 1550 நானோமீட்டர் என்னும் இரண்டு அலைநீளங்களிலும் அளந்து பார்ப்பது வழக்கம். முன்னதில் ஒன்றுமில்லாமல் பின்னதில் மட்டும் இழப்பு மிகுந்தால், இழை எங்கோ வளைந்திருக்கிறது என்று பொருள். 1383-ஐ ஒட்டிய அலைநீளத்தில் மிகுந்தால் நீரின் கூறு கண்ணாடிக்குள் இருப்பதை ஐயுறலாம். கோட்டில் ஓரிடத்தில் மட்டும் படி விழுந்தால் அவ்விடத்தில் அழுத்தமோ ஒட்டுக் குறையோ. நெடுகிலும் சரிவு மிகுந்தால் ஓட்டத்தின் அமைப்பிலேயே பிழை. கருவியை வாங்குவது எளிது. அது வரையும் கோட்டைப் படிக்கக் கற்பதற்கே ஆசிரியர் வேண்டும்.

இவற்றையெல்லாம் மனத்திற்கொண்டு ஆலோசனை ஒப்பந்தத்தில் என்னென்ன இருத்தல் வேண்டும் என்று சுருக்கமாகப் பார்ப்போம்.

முதலாவது, ஒவ்வோர் அளவுக்கும் அருகே அதன் காரணமும், எந்த எல்லை வரை அது மாறலாம் என்பதும் எழுதப்படல் வேண்டும். இரண்டாவது, இயந்திரம் ஓடிவிட்டது என்பதோடு நிபுணரின் பணி முடிந்ததாகக் கொள்ளல் ஆகாது. இழுத்தல், நசுக்கல், வளைத்தல், நீர்புகல், வெப்பமாற்றம் ஆகிய சோதனைகளில் நம் ஆட்கள் செய்த கேபிள் தேறிய பின்பே முடிந்ததாகக் கொள்ள வேண்டும். நிபுணரின் ஆட்கள் செய்து தேறுவது போதாது. மூன்றாவது, ஆலையில் வேண்டுமென்றே சில பிழைகளைச் செய்து, அவற்றின் விளைவை நம்மவர் கண்ணால் காணும்படி அவர் செய்தல் வேண்டும். தொட்டியின் வெப்பத்தைக் குறைத்து, இழையின் இழுவிசையைக் கூட்டி, என்ன நேர்கிறது என்று காட்டும் ஒரு நாள் பயிற்சி, பத்து நாள் சொற்பொழிவுக்குச் சமம். சில உருளை கேபிள் வீணாகலாம். அது கல்விக்குக் கொடுக்கும் கட்டணம். நான்காவது, ஓராண்டு கழித்து அவர் மீண்டும் வருதல் வேண்டும். நான்கு பருவங்களையும் ஆலை கண்ட பின்பே உண்மையான ஐயங்கள் எழும்.

இவற்றோடு மொழி பற்றியும் ஒரு சொல். மைய அரசின் மொழிபெயர்ப்புப் பணியில் இருப்பவராதலின் இதை நாம் சற்று உரிமையோடு கூறலாம். காரணம் கூறாத கட்டளையை மொழிபெயர்ப்பது கடினம். 'நன்றாக உலர்த்துக' என்று மட்டும் மூலத்தில் இருந்தால், தமிழிலும் 'நன்றாக உலர்த்துக' என்றுதான் எழுத முடியும்; படிப்பவருக்கு இரண்டு மொழியிலும் ஒன்றும் விளங்காது. 'ஈரம் எஞ்சினால் குழல் நொறுங்கும். ஆதலால் இவ்வளவு ஈரமே எஞ்சும் வரை உலர்த்துக' என்றிருப்பின் எம்மொழியிலும் அது பொருள் தரும். இரவு முறைப் பணியில் இயந்திரத்தின் அருகே நிற்பவர் நிபுணரும் அல்லர், மேலாளரும் அல்லர், தொழிலாளியே. அவர் தாய்மொழியில் காரணத்தோடு எழுதப்பட்ட தாள் ஒன்று அவர் கையில் இருந்தால், ஆலோசனைக்குக் கொடுத்த பணம் வீண்போகாது.

இதனை மறந்தால் என்ன நேரும் என்பதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே சிந்திக்கத்தக்க நிகழ்ச்சி ஒன்றுண்டு. 1952-இல் மேற்கு வங்காளத்து ரூப்நாராயண்பூரில் இந்துஸ்தான் கேபிள்ஸ் என்னும் அரசு நிறுவனம் தொடங்கப்பெற்றது. அதற்குத் தொழில்நுட்ப உதவி செய்தது இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு டெலிபோன்ஸ் அண்டு கேபிள்ஸ் நிறுவனம். செம்புக் கம்பியைக் கொண்டு தொலைபேசிக் கேபிள் செய்யும் முறை அவ்வழியே நம் நாட்டுக்கு வந்தது. பல்லாண்டுகள் நாட்டின் தொலைபேசிகளுக்கு அது பயன்பட்டது. 1966-இல் காவோ அமர்ந்து கட்டுரை எழுதிய ஹார்லோ ஆராய்ச்சிச் சாலை யாருடையது? அதே ஸ்டாண்டர்டு டெலிபோன்ஸ் நிறுவனத்தினுடையது! செம்புக் கேபிளின் செய்முறையை நமக்கு அளித்த நிறுவனத்தின் ஆராய்ச்சிச் சாலையில், செம்பை வழக்கொழிக்கப்போகும் கண்ணாடி பற்றிய சிந்தனை உருவாகிக்கொண்டிருந்தது.

இதில் வஞ்சனை ஏதுமில்லை. ஒப்பந்தத்தில் கேட்கப்பட்டது அன்றைய செய்முறை, அதுவே கொடுக்கப்பட்டது. 1979-இல் பூனா நகரில் தொலைபேசி நிலையங்களுக்கிடையே நம் நாட்டின் முதல் ஒளியிழை இணைப்பு அமைந்தது. இந்துஸ்தான் கேபிள்ஸும் பின்னர், இன்று பிரயாக்ராஜ் எனப்படும் அலகாபாத்தை அடுத்த நைனியில் ஒளியிழைக் கேபிள் செய்யத் தலைப்பட்டது. ஆயினும் செம்புக் கேபிளின் தேவை சுருங்கியது, கைத்தொலைபேசி பரவியது, நிறுவனம் நட்டத்தில் ஆழ்ந்தது. 2016-இல் அதனை மூடிவிட மைய அமைச்சரவை முடிவு செய்தது. அவ்வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல. எனினும் ஒன்று தெளிவு: வாங்கிய செய்முறை, வாங்கிய நாளின் அறிவையே தாங்கியிருக்கும். அடுத்த நாளின் அறிவு வேண்டுமாயின் அதை நாமே ஆராய்ந்து பெற வேண்டும்.

இதற்கு எதிர்ச்சான்றாக ஜப்பானைக் கூறலாம். அங்குத் தொலைபேசித் துறையின் ஆராய்ச்சிச் சாலையும் மூன்று கேபிள் நிறுவனங்களும் ஒன்றுகூடி ஆராய்ந்தன. 1977-இல் பிரிஃபார்ம் செய்யத் தங்களுக்கென்றே ஒரு புதிய முறையைக் கண்டுபிடித்தன. நம்மிடமும் அத்தகைய துணை இல்லாமலில்லை. கல்கத்தாவிலுள்ள மத்திய கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சிக் கழகத்தில் ஒளியிழை செய்தே ஆராய்கின்றனர். டில்லி ஐ.ஐ.டி.யில் ஒளியிழையியல் பயிற்றும் அறிஞர் குழு நெடுங்காலமாக உண்டு. கடல் கடந்து ஆலோசனை தேடுவோர் முதலில் இவர்கள் கதவையும் தட்டிப் பார்க்கலாம். வெளிநாட்டு நிபுணர் வரும்போது இவர்களில் ஒருவரை உடன் அமர்த்திக்கொண்டால், அவர் சொல்வதைக் கேட்கவும், சொல்லாததைக் கேட்டு வாங்கவும் ஆள் கிடைக்கும்.

நேயர்களே, இஃது ஆலை முதலாளிகளுக்கு மட்டுமே உரிய பேச்சென்று எண்ணிவிடலாகாது. 2011-இல் ஒப்புதல் பெற்று, பின்னர்ப் பாரத்நெட் என்று பெயர் பெற்ற திட்டம், ஏறத்தாழ 2.5 லட்சம் கிராமப் பஞ்சாயத்துகளை ஒளியிழையால் இணைக்கும் நோக்கமுடையது. மண்ணுக்குள் புதைக்கப்படும் கேபிள் கால் நூற்றாண்டு உழைக்க வேண்டும். தோண்டிப் பார்த்து அதன் தரத்தை எவரும் அறிய முடியாது. உலர்த்தாத மணிகளால் ஆன ஒரு குழல் நொறுங்கினால், சிற்றூர் ஒன்றின் பள்ளியும் மருத்துவ நிலையமும் வங்கிக் கிளையும் ஒரே நாளில் ஊமையாகிவிடும். ஆலையில் எவரோ ஒருவர் "ஏன்?" என்று கேட்டுவைத்த கேள்விதான் அவ்வூரைக் காக்கிறது.

ஆதலின், நிபுணரை அழைப்போம், மதிப்போம், உரிய கட்டணத்தைத் தயங்காமல் கொடுப்போம். அவர் விடைபெறும்போது நம்மிடம் விட்டுச்செல்வது எண்கள் நிறைந்த தாள் மட்டுமாக இல்லாமல், அந்த எண்களைத் திருத்தும் அறிவும் ஆகுமாறு பார்த்துக்கொள்வோம். மறுமுறை அவரை அழைக்கும்போது பழைய ஐயத்திற்காக அன்றிப் புதிய ஐயத்திற்காக அழைப்போமாயின், முதல்முறை கொடுத்த பணம் பயன் தந்தது என்று நாம் மனநிறைவு கொள்ளலாம்.